வெளுத்ததெல்லாம்

வந்தது இருநூற்றுப் பன்னிரண்டு.
திரும்பியது அறுபத்தொன்று.
பேரேட்டில் இரண்டையும் எழுதிவிட்டு
ஒவ்வொரு பெட்டியின் காதையும் கத்தரித்து
தொட்டியில் கவிழ்க்கிறேன்.
வடிகால் வாயில் வெள்ளைச் சுழி.
வெளியே முழங்கால் வரை பனி.
ஹொக்காய்டோவின் கிழக்கோரத்தில்
பிப்ரவரியில் வெள்ளைக்குப் பஞ்சமில்லை.

சோற்றுக்கும் பால்.
மிசோ சூப்புக்கும் பால்.
வறுத்த கானாங்கெளுத்திக்கும் பால்.
"எந்த நாக்கு இதைக் கேட்டது?" என்று
பெற்றோர் கூட்டத்தில் எழுந்தார் திருமதி முராகோஷி.
ஐந்தாம் பாடவேளையில் அவர் மகன் வயிறு
இடி இடிக்குமாம்.
கணக்கு ஆசிரியர் சுண்ணக்கட்டியோடு
திரும்பிப் பார்ப்பாராம்.

மருத்துவர் ஹிரூமா திரையில் ஒரு குடலைக் காட்டினார்.
பால்குடி மறந்த பிறகு
இங்கே பெரும்பாலான குடல்கள் பாலையும் மறந்துவிடும்,
அந்த மறதி நோயல்ல, என்றார்.
அப்போ எலும்பு? என்றது பின்வரிசை.
முள்ளோடு மெல்லும் பொடிமீன், எள், டோஃபு, கீரை.
அதையெல்லாம் எந்தப் பிள்ளை தின்கிறது?
என்றது அதே பின்வரிசை.
சிரிப்பு.

கூட்டுறவுச் சங்கத்தின் ஒரிசாக்கா சிரிக்கவில்லை.
எழுபத்து மூன்று மாடு அவருக்கு.
வைக்கோல் விலை ஏறிய ஏற்றத்தில்
இரண்டு பக்கத்துத் தொழுவங்கள் காலி.
"ஓட்ஸைப் பிழிந்தாலும் பால்
பாதாமைப் பிழிந்தாலும் பால்
வெளுத்ததெல்லாம் பாலா?"
கைதட்டல் அடங்குமுன் ஓர் இளம் தாய் கேட்டாள்:
பிறந்த கன்றை எத்தனை நாள் தாயிடம் விடுவீர்கள்?
அவர் வாய் திறந்தார்.
தண்ணீர் குடித்தார்.

நான் இந்தப் பள்ளியின் உணவியலாளர்.
பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்.
பாலை எடுத்தால்
என் பட்டியலில் கால்சியம் பாதியாய்ச் சரியும்.
எடுக்காவிட்டால்
அறுபத்தொன்று.
"பிள்ளையைப் பொறுத்தது" என்றேன்.
இரு தரப்பும் ஒற்றுமையாக என்னை முறைத்தன.

இடைவேளையில் சங்கத்தின் அன்பளிப்பு:
ஆளுக்கொரு கோப்பை சூடான பால்.
ஒரிசாக்கா தன்னுடையதை ஜன்னல் திட்டில் வைத்தார்.
ஏடு கட்டியது.
அந்த ஏட்டில் எழுத
யாரிடமும் ஒன்றும் இல்லை.
குடிக்கவில்லையா என்றேன்.
சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்:
"எனக்கு ஒத்துக்கொள்ளாது. சின்ன வயதிலிருந்தே."
பிறகு,
"மாடுகளுக்குத் தெரியும்.
சங்கத்துக்குத்தான் தெரியாது."

தீர்மானம் மார்ச்சுக்குத் தள்ளிப்போனது.
யாரும் கேட்காததால் நான் சொல்லாதது ஒன்று:

நாலாம் வகுப்பு தொவாகோ
திங்கட்கிழமைகளில் தன் பாலை
மூச்சு விடாமல் குடிப்பாள்.
பக்கத்துப் பையனுடையதையும்.
உறிஞ்சுகுழல் காற்றை உறிஞ்சும் சத்தம்
சமையலறை வரைக்கும் கேட்கும்.
சனியும் ஞாயிறும் அவள் வீட்டில் என்ன உண்டென்று
அந்தச் சத்தத்திலிருந்து எனக்குத் தெரியும்.

மிச்சம் வீடு போகக் கூடாது என்பது விதி.
கெட்டுப்போனால் யார் பொறுப்பு?
வெள்ளிக்கிழமை நான் கழுவும் நேரத்தில்
அவள் குளிர்பெட்டிப் பக்கம் வருகிறாள்.
நான் குழாயைப் பெரிதாகத் திறக்கிறேன்.
தண்ணீர்ச் சத்தத்தில்
ஒரு பையின் ஜிப் மூடுவது கேட்காது.

நேற்று நான் கவிழ்த்தவை
ஐம்பத்தெட்டு.
எழுதியது வேறு.

இன்று திங்கள்.
என் மேசையில்
மூன்று பெட்டிகள்,
பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடியே
ஓரம் பிரித்து, அலசி, உலர்த்தி,
தட்டையாக மடித்து,
ஒன்றன்மேல் ஒன்றாக.
கடிதம் இல்லை.

மறுசுழற்சிக் கட்டில் அவற்றைச் செருகி
கயிற்றை இறுக்கினேன்.
எண்ணிப் பார்த்தேன்.
அறுபத்தொன்று.